காலை வெயிலில் தெரிந்த கீறல்

கதவைத் திறந்ததும் நான் தரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தேன். வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் மெதுவாய்க் கண்ணைக் கீழே இறக்கினேன்.

இருந்தது.

முந்தின நாள் இருந்ததைவிட இரண்டு மடங்கு இருந்தது. ஹால் முழுக்க, பளபளவென்று கிடந்த மரப் பலகைகளின் மேல், தலைமுடி கனத்தில் வெள்ளைக் கோடுகள். நேர்கோடுகள் இல்லை. பிறை மாதிரி லேசாய் வளைந்தவை. இரண்டிரண்டாக, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு.

எனக்குப் பின்னால் பாலிஷ் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த இசக்கிமுத்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். மெஷின் போடுவது அவன், கைவேலை நான், நாங்கள் இரண்டு பேர்தான் எங்கள் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியின் மரத்தரை டீம். வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு டின்னைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் மத்தியானம் அந்த பங்களாவில் தங்குகிற வெளிநாட்டு இன்ஜினியர்கள் திரும்பி வர வேண்டும். அவர்களோடு தலைமை ஆபீஸிலிருந்து பெரிய ஆள் ஒருவரும் வருகிறார். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. சமையல் செய்கிற மல்லிகா வந்துவிட்டிருந்தாள். இந்தக் கோடுகளால் அவள் வேலை போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவளைப் போட்டுக்கொடுத்தது நான்தான்.

சாக்ஸோடு நடக்கிறவர்கள்

அந்த பங்களா, ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில், டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் ஆட்களுக்காக மொத்தமாய் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது. மேலே ஆறு அறை, கீழே பெரிய ஹால். ஹால் தரை முழுக்க மரம். மரம் மாதிரி படம் போட்ட டைல்ஸ் இல்லை, நிஜமான பலகை, நாலு விரல் அகலம்.

போன வாரம் இந்தத் தொடரில் மறைமலை நகர் கிளப்பில் ஷட்டில் ஆடுகிற மரத்தரையைப் பற்றி எழுதியிருந்தேன். அது ஷூ போட்டு மிதிக்கிற தரை. கண்ணுக்குத் தெரிந்தால்தான் அங்கே குறை. இந்த வீட்டில் இருப்பவர்கள் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடக்கிறவர்கள். அவர்களுக்குக் காலே கண். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சிலாம்பு ஒன்று எழும்பியிருந்தால் போதும், சாக்ஸ் நூலைப் பிடித்து இழுத்துவிடும்.

ஏசி ஓய்வில்லாமல் ஓடுகிற வீட்டில் மரம் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் பலகைகள் விலகும். விலகின இடத்தில் குப்பை சேரும். அந்தக் குப்பையைத் தோண்டி எடுப்பதுதான் முதல் வேலை. அதற்கென்று குடைக்கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து வைத்திருக்கிறேன். அந்த ஹாலில் அரிசி வந்தது, குண்டூசி வந்தது, நகம் வந்தது, யாருடைய பிறந்தநாளுக்கோ தூவிய மினுக்குத் தாள் வந்தது.

பிறகு மெஷினைப் போட்டுத் தரையைத் தேய்த்தால் மாவு மாதிரித் தூள் விழும். அந்தத் தூளைச் சலித்து, பசையில் குழைத்து, இடைவெளியில் வைத்து அழுத்த வேண்டும். ஒரு தரையின் தூளைத்தான் அதே தரைக்குப் போட வேண்டும். வேறு மரத்தின் தூளைப் போட்டால் வெள்ளை வேட்டிக்குக் காக்கி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அகலமான இடைவெளி என்றால் பசை நிற்காது. மெல்லிய மரச் சிம்பு சீவி உள்ளே இறக்குவோம். பெட்டி விழுந்து குழிந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால், ஆவி பட்டு மரம் தானாக உப்பி மேலே வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

எல்லாம் முடிந்து கடைசியில்தான் பாலிஷ். அது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஆனால் உள்ளுக்குள் இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை பச்சைப் பிள்ளையின் உச்சந்தலை மாதிரிதான். மெத்தென்று இருக்கும், வெளியே தெரியாது.

இது எனக்கு நன்றாய்த் தெரியும். தெரிந்தும்தான் நடந்தது.

திரும்பத் திரும்பப் பார்ப்பது

என் பயத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாய் இருக்கலாம். கூட இருக்கிறவர்களுக்கு அது சிரிப்பில்லை.

கேஸை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்புவேன். பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு அடி நடந்து, மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். எட்டாவது படிக்கும்போது, முழுப்பரீட்சை கணக்குத் தேர்வு அன்று, மணிமங்கலத்தில் எங்கள் வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிவிட்டேன். வீடு பூட்டித்தான் இருந்தது. தேர்வு ஆரம்பித்துவிட்டிருந்தது. வாத்தியார் உள்ளே விடவில்லை. பெயிலானவளை மறுபடி அனுப்ப வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. என் படிப்பு ஒரு பூட்டோடு முடிந்தது.

வேலையிலும் அதே புத்திதான். இசக்கிமுத்து ஒரு தரையை முடித்தால் அவனுக்கு அது முடிந்துபோனது. கையைத் துடைத்துக்கொண்டு டீக்குடிக்கப் போய்விடுவான். நான் பாலிஷ் காயட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் தனியாக ஹாலுக்குள் போய், ஒவ்வொரு இடைவெளியாக முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

"யக்கா, நீங்க தடவுத தடவுல தரை தேஞ்சு போவும்," என்பான் அவன்.

மரத்தைத் தேய்த்த பிறகு வெறுங்கால் படக் கூடாது, வியர்வைத் தடம் நிற்கும். அதனால் வேலை நேரத்தில் நாங்களும் வெள்ளைப் பருத்தி சாக்ஸ் போடுவோம். என் சாக்ஸ் சீக்கிரம் ஓட்டையாகும். இரண்டு காலிலும் இரண்டாவது விரலில். தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வேன். எதனால் அங்கேயே ஓட்டை விழுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை யோசிக்கிறவள், அதை மட்டும் யோசிக்கவில்லை.

லைனில் கழற்றியது

மரத்தரை வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் இருந்தேன். போனுக்குள் போகிற சின்னச் சின்னத் தகடுகளைப் பொருத்துகிற வேலை. உள்ளே போகும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வளையல், கம்மல், கொலுசு, தாலிக் கயிற்றில் கோத்த ஊக்கு, மெட்டி. எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். போனும் லாக்கரில்தான். ஷிப்ட் முடிகிறவரை வெளியுலகம் கிடையாது.

கூட வந்த பெண்கள் முதல் நாளே கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசியபடி போனார்கள். நான் மெட்டியை லாக்கரில் வைத்துப் பூட்டி, மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். என் வீட்டுக்காரர் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்கத் தலைக்கு மேலே பாரம் ஏறி இறங்குகிற வேலை.

ஒன்பதாவது நாள் படப்பை கிட்டே மணலில் பைக் சறுக்கி அவர் விழுந்தார். முழங்கையில் மூன்று தையல். மணல்தான் காரணம் என்று அவரே சொன்னார். லாரி கொட்டிவிட்டுப் போன மணல், அன்றைக்கு அதே இடத்தில் அவரோடு சேர்த்து நாலு பேர் விழுந்திருக்கிறார்கள். மற்ற மூன்று பேரின் பெண்டாட்டிகளும் மெட்டியோடுதான் இருந்திருப்பார்கள். இதெல்லாம் மண்டைக்குப் புரிகிறது. மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

மெட்டியைப் போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேலை எது என்று தேடித்தான் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்கு வந்தேன். துடைப்பதில் ஆரம்பித்து, மரத்தரை டீமுக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கினேன். மெட்டி அதே மெட்டிதான், கல்யாணத்துக்குப் போட்டது. அடிப்பக்கம் தேய்ந்து, இரண்டு முனையும் சேருகிற இடம் விரிந்து, ஒரு முனை லேசாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டான் ஒருவர் மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்ற வேண்டுமென்றால் கழற்ற வேண்டுமே.

நான் சொன்ன வார்த்தை

திங்களும் செவ்வாயும் இடைவெளிகளை நிரப்பி, தேய்த்து, முதல் பாலிஷ் போட்டோம். செவ்வாய் சாயங்காலம் வழக்கம்போல் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் சுத்தமாய் இருந்தது.

ஜன்னல் கிழக்கே பார்த்தது. புதன் காலை வெயில் தரையோடு தரையாய்ச் சாய்ந்து வந்தபோதுதான் முதல் கோடுகள் தெரிந்தன. ஏழெட்டு ஜோடி.

கம்பெனி தரப்பில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் அப்போது உள்ளே வந்தார். அதிர்ந்து பேசாதவர், ஆனால் பேசினதை மாற்றாதவர். என்ன இது என்று கேட்டார். நான் பயத்தில் என்ன சொல்லுகிறோம் என்று யோசிக்காமல் சொன்னேன், நாங்கள் போன பிறகு யாரோ நடந்திருக்கிறார்கள் என்று. நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் இருப்பது யார். வாட்ச்மேன் கேட்டைத் தாண்டி வருவதில்லை. மல்லிகாதான் அரை மணி நேரம் கூட இருந்து சமையல்கட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவள்.

அவர் அவளைக் கூப்பிட்டு ஸ்டூலை இழுத்தாயா, அரிசி டிரம்மை நகர்த்தினாயா என்று கேட்டார். இல்லை சார், ஹாலில் காலே வைக்கவில்லை என்றாள். நாளைக்கும் கோடு இருந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் உப்புத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வல்லம் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான் இருக்கும். அவளும் ஒரு காலத்தில் லைனில் நின்றவள். அவள் பையனுக்கு வலிப்பு உண்டு. வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். பங்களாவிலிருந்து ஓடினால் பத்து நிமிஷம். லைனில் நின்றால் அந்தப் போன் லாக்கருக்குள் அடித்து அடித்து ஓயும். அதற்காகத்தான் காரமில்லாத சூப்பும் பிசுபிசுப்பான சோறும் கற்றுக்கொண்டு அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் எங்களுக்கு டீ கொடுத்தபோது இதை அவளே சொன்னாள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

புதன்கிழமை அந்தக் கோடுகளைத் தேய்த்து எடுத்து, மத்தியானத்துக்குள் இரண்டாவது பாலிஷ் போட்டோம். சாயங்காலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வாசல்வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். மூலை முடுக்கு விடாமல் முட்டி போட்டுத் தடவினேன்.

வியாழன் காலையில் கோடுகள் ஏன் இரண்டு மடங்கு இருந்தன என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போதும் தெரியவில்லை.

"உன்னுத காட்டு"

மேனேஜர் வந்தார், பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. மல்லிகாவிடம் சாவிக்கொத்தை மத்தியானத்துக்குள் கொடுத்துவிடச் சொன்னார். வேறு ஆளுக்குச் சொல்லியாயிற்று என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மல்லிகா அழவில்லை. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படியில், கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

இசக்கிமுத்து அதற்குள் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்டூலுன்னா நேரா இழுக்கும்லா," என்றான். "இது வளஞ்சு கெடக்கு. கால் வெரலு மாதிரி இருக்கு. மெட்டி தான் இது, யக்கா."

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. நான் சொன்னது சரிதான், யாரோ நடந்திருக்கிறார்கள், மெட்டி போட்ட பொம்பளை நடந்திருக்கிறாள் என்று மனசு ஓடியது. நான் மல்லிகாவின் காலைப் பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, ஒரு காலை முன்னால் வைத்தாள்.

"நல்லா பாரு. மெட்டி கீதா?"

வெறும் விரல்கள். இரண்டாவது விரலில் தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"லைன்ல கழட்னது. அதோட உட்டுட்டேன். என் ஆளு இன்னிக்கும் கல்லாட்டம் கீறான்." காலைக் கீழே வைத்தாள். "இப்ப உன்னுத காட்டு."

அவள் கரண்டியால் என் பாதத்தைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். வெள்ளை சாக்ஸில், நான் தைத்த தையல் பிரிந்து, இரண்டாவது விரலின் அடியிலிருந்து வெள்ளி முனை ஒன்று எட்டிப் பார்த்தது.

இசக்கிமுத்து எழுந்து உட்கார்ந்தான். அவன் குரல் தணிந்திருந்தது. "யக்கா, எப்பமும் தடவுவியள்லா, அந்த மாதிரி ஒருக்கா முட்டி போடுங்க."

முட்டி போட்டேன். குதிகால் மேலே எழும்பி, விரல்கள் மடங்கித் தரையில் அழுந்தின. கையை நீட்டி ஒரு பலகையைத் தடவினேன். உடம்பு முன்னால் போனது, கால் விரல்கள் கொஞ்சம் திரும்பின. எழுந்து நகர்ந்தேன்.

வெயிலில் இரண்டு புதுப் பிறைகள்.

ஹாலைப் பார்த்தேன். ஜன்னலோரம் சிம்பு வைத்த இடம், நடுவில் குழி எடுத்த இடம், சுவரோரம் பசை சரியாய் இறங்கியதா என்று சந்தேகப்பட்ட இடம். நான் எங்கெங்கே அதிகம் பயந்தேனோ அங்கெல்லாம் கோடுகள் அதிகம் இருந்தன.

"நீ போய் சொல்லு," என்றாள் மல்லிகா. "நான் சொன்னா தப்பிக்கச் சொல்றேன்னுவாரு."

முன்னறை

ஹாலிலிருந்து முன்னறைக்குப் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடியில் எத்தனை பொய் தோன்றியது என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. மெஷினில் கல் மாட்டிக்கொண்டது என்று சொல்லலாம். பாலிஷே மட்டம் என்று சொல்லலாம். மல்லிகாவும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். ஆனால் அவள் வாசற்படியை விட்டு நகராமல் காது கொடுத்து நின்றிருந்தாள்.

சொன்னேன். காலைத் தூக்கிக்கூடக் காட்டினேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "அப்புறம் நேத்து ஏம்மா அவங்கள சொன்னீங்க?"

பயத்தில் சொல்லிவிட்டேன் சார் என்றேன். உண்மை அதுதான். ஆனால் வாயைவிட்டு வெளியே வந்தபோது அது ஒரு பதிலாகவே இல்லை.

நாளைக்குக் காலையில் வந்து பார்ப்பேன் என்றார். தரை ஒழுங்காய் இருந்தால் மல்லிகா வேலையில் இருக்கலாம். ஒரு கோடு இருந்தாலும் யார் போட்ட கோடு என்று அவர் கேட்கப் போவதில்லை. மேலே அவர் பதில் சொல்ல வேண்டும், ஆளை மாற்றிவிட்டேன் என்று சொல்லுவது அவருக்கு எளிது. அவ்வளவுதான்.

பாத்திரம் விளக்குகிற சோப்பு

மெட்டி கழலவில்லை. வருஷக்கணக்கில் ஊறின விரல், கணு பருத்துவிட்டது. இழுக்க இழுக்கச் சிவந்தது. இசக்கிமுத்து கொறடு எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

மல்லிகா சமையல்கட்டிலிருந்து பாத்திரம் விளக்குகிற சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்து என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதமாய் ஒன்றும் செய்யவில்லை. கோபம் அப்படியே இருந்தது, விரல்களில் தெரிந்தது. முறுக்கி முறுக்கி இழுத்தாள். வலது கால் வந்தது. இடது கால் வர நேரமானது.

"இதுக்கே இப்பிடின்னா, சாவிய குடுத்துட்டுப் போன்னு சொன்னப்ப எனக்கு எப்பிடி இருந்திருக்கும்," என்றாள். இரண்டு மெட்டியையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் காற்றில் நிற்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. அவர் குடோனிலும் போன் லாக்கரில்தான், சாயங்காலம் ஐந்து வரை எடுக்க மாட்டார். தெரிந்தேதான் போட்டேன். மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை இசக்கிமுத்து என் கையிலிருந்து போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது, பாலிஷ் காய நேரம் வேணும், வாங்க என்றான்.

மெட்டி இரண்டையும் கிழக்கு ஜன்னல் திட்டில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். பையில் போட்டால் எங்காவது விழுந்துவிடும். இங்கே இருந்தால் நிமிர்ந்தால் தெரியும்.

வேலையை ஆரம்பித்தோம். மெல்லிய உப்புத்தாளால், மரத்தின் ரேகை போகிற திசையிலேயே, ஒவ்வொரு பிறையாகத் தேய்த்து எடுத்தோம். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் அது புதுக் கீறலாகிவிடும். நான் முட்டி போடவில்லை, குந்தித்தான் உட்கார்ந்தேன். தொடை விண்விண் என்று தெறித்தது. தூளை உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியில் துடைத்து, காயவிட்டு, மத்தியானம் பாலிஷ் டின்னை உடைத்தோம். சுவரோரம் நான் பிரஷ், நடுவில் இசக்கிமுத்து ரோலர். ஜன்னல் பக்கம் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து, வாசலில் வந்து முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நிறுத்தின இடம் கோடாய்த் தெரியும்.

குடோனில் பாரம் ஏறி இறங்குகிற சத்தம் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கிருந்து பத்து மைல் தூரம் இருக்கும் அந்த குடோன்.

கடைசிப் பலகைக்கும் பாலிஷ் போட்டுவிட்டு வாசற்படிக்கு வெளியே கால் வைத்து நிமிர்ந்தேன். நனைந்த தரை முழுக்க ஜன்னல் கவிழ்ந்து தெரிந்தது. அதன் திட்டில் மெட்டி இரண்டும் மினுங்கிக்கொண்டிருந்தன.

எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஹால் அளவுக்கு ஈரப் பாலிஷ்.

வாசற்படி

ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பி, அதன்மேல் கொசுவலை ஆணி அடித்திருந்தது. அந்தப் பக்கமாய்க் கை போகாது. இந்தப் பக்கமாய்ப் போக வேண்டுமென்றால் தரையை மிதிக்க வேண்டும். சாயங்காலம் தொட்டால் ஒட்டாது, மெதுவாய்ப் போனால் தடம் விழாது என்று ஒரு குரல். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இதே குரல்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது என்று இன்னொரு குரல்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இசக்கிமுத்து என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டின்னுகளைக் கட்டி ஏற்றப் போனான். மல்லிகா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவளும் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போயி எடுக்கப் போறியா?"

நான் போனில் மணி பார்த்தேன். ஐந்து மணி ஆகவில்லை. அவர் போன் இன்னும் லாக்கரில் இருந்தது.

"எம் பையனுக்கு முதல் தடவ வலிப்பு வந்தப்ப நான் லைன்ல இருந்தேன்," என்றாள். "ஷிப்ட் முடிஞ்சி வந்து பாத்தா பதினாலு மிஸ்டு கால். அன்னிக்கி நான் மெட்டிய மறுபடி போட்டுனு தான் வூட்டுக்குப் போனேன், பஸ்ல. ஒண்ணும் மாறல. அப்பால தான் கழட்டி உட்டுட்டேன்." டீயை உறிஞ்சினாள். "நீ போனேன்னு வச்சிக்க, நாளைக்கி காத்தால எனக்குத் தான் வேல பூடும்."

சாயங்காலம் நான் ஹாலுக்குள் போகவில்லை. தரையைத் தடவிப் பார்க்காமல் வீட்டுக்குப் போன ஒரே நாள் அதுதான். ஐந்தரைக்கு அவர் போன் செய்தார், இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாயே, வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் புடவையைக் கால்மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எதிரே வந்த டேங்கரைத் திட்டிக்கொண்டு ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை

காலையில் மேனேஜருக்கு முன்னால் நானும் மல்லிகாவும் வந்துவிட்டோம். வாசற்படியில் குந்தி, தலையைச் சாய்த்து, வெயில் ஏறக் காத்திருந்தோம். முதலில் ஜன்னலோரப் பலகைகளில் வெளிச்சம் விழுந்தது. அப்புறம் நடுவில். அப்புறம் எங்கள் படிவரைக்கும் வந்தது.

கோடு இல்லை. எனக்கு எழுந்துபோய் ஒருமுறை தடவினால் தேவலை போலிருந்தது. படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா, தடவலியா?" என்றாள் மல்லிகா.

மேனேஜர் வந்தார். ஷூவைக் கழற்றினார். எங்களைப் போலவே குனிந்து பார்த்தார், பிறகு சாக்ஸோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெளியே வந்து ஷூவை மாட்டியபடி, பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பேருக்குச் சாப்பாடு என்றார். மல்லிகாவிடம்தான் சொன்னார். பெட்டிகளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்று வாட்ச்மேனைத் தேடிப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த பங்களாவுக்கு என்னை ஏஜென்சி அனுப்பவும் இல்லை.

எனக்கு ஜன்னல்வரை போகக் கால் வரவில்லை. மெட்டி இல்லாத காலையும் நான் நம்பவில்லை. மல்லிகா ஒன்றும் கேட்காமல் எழுந்தாள். காலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சாக்ஸ் போடாமல், வெறுங்காலோடு உள்ளே இறங்கினாள்.

வெயில் அவள் கணுக்கால்வரை இருந்தது. ஜன்னல்வரை போனாள், திட்டிலிருந்து இரண்டையும் எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள், திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு அடியாய்க் காலை எடுக்க எடுக்க, அவளுக்குப் பின்னால் இருந்த பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடுகூட விழவில்லை.